சாப்பிட்ட சத்தில் உடம்பு எடுத்துக்கொண்டது எவ்வளவு? அளக்கும் வழிகளும் அவற்றின் வில்லங்கங்களும்

கேள்வி இதுதான்: "கேழ்வரகில் இவ்வளவு கால்சியம், முருங்கைக்கீரையில் இவ்வளவு இரும்பு என்று பட்டியல் போடுகிறார்கள். அதில் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சாப்பிட்ட பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? சத்துமாவு பாக்கெட்டில் 'மூன்று மடங்கு அதிகம் உட்கிரகிக்கப்படும்' என்று போட்டிருப்பதை நம்பலாமா?"

ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தெரியாது. நம் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், எந்த நேரத்திலும் இருக்கும் இரும்பு மொத்தமே 3 மி.கி. அளவுதான். ஆனால் அதன் வழியாக ஒரு நாளில் 20 முதல் 25 மி.கி. வரை இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை உடைத்து எடுத்த இரும்பு, புதிய சிவப்பணு செய்வதற்காக எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் போகும் போக்குவரத்து அது. மதியச் சாப்பாட்டிலிருந்து சில மணி நேரத்தில் கசிந்து வரும் அரை மில்லிகிராம் அந்த ஓட்டத்தில் எங்கே போனது என்றே தெரியாது. போதாக்குறைக்கு, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாமலே ரத்தத்தில் இரும்பின் அளவு ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும்.

கால்சியம் இன்னும் பிடிவாதம். டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. என்ற எல்லைக்குள் பாராதைராய்டு ஹார்மோன் அதைக் கட்டிக் காக்கிறது. நீங்கள் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் எலும்பிலிருந்து எடுத்தாவது அந்த அளவைச் சரிசெய்துவிடும். துத்தநாகம் வேடிக்கையானது: சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் அதன் அளவு ஏறுவதற்குப் பதில் இறங்கும். 100 மி.கி. இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் மட்டும் ரத்தத்தில் ஏற்றம் தெரியும். மாத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அதைப் பயன்படுத்துவதும் உண்டு. சோறு சாம்பாரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதனால் ஆதியில் செய்தது கணக்குப் பார்ப்பது: வாய்க்குள் போனது எவ்வளவு, மலத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் உடம்பில். சமநிலை ஆய்வு என்பார்கள். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆய்வுக்கு வருபவர் பல நாள், சில சமயம் பல வாரம், எடைபோட்ட உணவை மட்டும் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் அதே உணவின் மற்றொரு தட்டை அரைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கழிப்பது ஒரு துளி விடாமல் டப்பாவில் சேர வேண்டும். எந்த நாள் சாப்பாடு எந்த நாள் மலமாக வருகிறது என்று தெரிய, தொடக்கத்திலும் முடிவிலும் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தையோ நீலச் சாயத்தையோ விழுங்கக் கொடுப்பார்கள். நிறம் தெரிந்தால் கணக்கு தொடங்கும், மறுபடி தெரிந்தால் முடியும்.

இந்த முறையை இங்கிலாந்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் மக்கான்ஸும் எல்சி விடோசனும் 1930களிலும் 40களிலும் கையாண்ட விதம் இன்றும் பாடம். தங்கள் உடம்பையே ஆய்வுக்குக் கொடுக்கத் தயங்காதவர்கள் அவர்கள். 1937-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு பெரியது: ஊசி வழியாக இரும்பை உடம்புக்குள் ஏற்றினால், அது மலத்திலோ சிறுநீரிலோ வெளியே வருவதில்லை. மனித உடம்புக்கு இரும்பை வெளியேற்றத் தனி வழியே கிடையாது, எல்லாக் கட்டுப்பாடும் குடலின் நுழைவாயிலில்தான் என்று அதிலிருந்து தெரிந்தது. போர்க்காலத்தில் பிரிட்டன் முழுக்கத் தவிடு நீக்காத மாவு ரொட்டிக்கு மாறியபோது, வெள்ளை ரொட்டியையும் பழுப்பு ரொட்டியையும் மாற்றி மாற்றிச் சாப்பிட வைத்து அளந்து 1942-ல் வெளியிட்டார்கள். பழுப்பு ரொட்டியில் தாதுக்கள் அதிகம், ஆனால் உடம்பில் சேரும் கால்சியம் குறைவு. தவிட்டிலுள்ள பைடேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளை ரொட்டியில் பைடேட்டைத் தனியாகச் சேர்த்தும், பழுப்பு மாவிலிருந்து பைடேட்டை நீக்கியும் அதை உறுதிசெய்தார்கள். பிரிட்டனில் மாவோடு கால்சியம் சேர்க்கும் வழக்கம் வந்ததற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

சரி, இவ்வளவு நல்ல முறையில் என்ன கோளாறு? இரண்டு.

முதலாவது, மலத்தில் வருவதெல்லாம் செரிக்காமல் போனது அல்ல. பித்தம், கணைய நீர், குடல் சுரப்புகள் வழியாக உடம்பே தாதுக்களைக் குடலுக்குள் கொட்டுகிறது. ஒருவர் 1,000 மி.கி. கால்சியம் சாப்பிட்டு மலத்தில் 800 மி.கி. வந்தால், கணக்குப்படி 20 சதவீதம் சேர்ந்தது. ஆனால் அந்த 800-ல் 100 மி.கி. உடம்பிலிருந்தே சுரந்து வந்தது என்றால், உணவிலிருந்து உண்மையில் உள்ளே போனது 30 சதவீதம். சமநிலை ஆய்வுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் இல்லை. துத்தநாகத்தில் இது உயிர்நாடியான பிரச்சினை. உடம்பு தன் துத்தநாகத்தைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலும் குடலுக்குள் எவ்வளவு திருப்பிக் கொட்டுவது என்பதை வைத்துத்தான்.

இரண்டாவது, சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு பெரிய எண்களைக் கழிக்கிறோம். 15 மி.கி. இரும்பு சாப்பிட்டு 1 மி.கி. உள்ளே போயிருந்தால் மலத்தில் 14 வரும். அந்த 14-ஐ அளப்பதில் 3 சதவீதம் தவறினாலே விடை கிட்டத்தட்ட பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ மாறிவிடும். அதைவிட மோசம், தவறுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. தட்டில் ஒட்டிய பருக்கையையும் சாப்பிட்டதாகக் கணக்கு வைப்போம். வியர்வையிலும் தோலுரிதலிலும் போனதையும் தவறவிட்ட சிறுநீரையும் கணக்கில் எடுக்கமாட்டோம். வரவு கூடும், செலவு குறையும். உடம்பில் நிறையச் சேர்ந்தது போலவே எப்போதும் தெரியும். பழைய சமநிலை ஆய்வுகளில் பெரியவர்கள் மாதக்கணக்கில் கால்சியம் சேர்த்துக்கொண்டே போவதாக முடிவுகள் வந்ததைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு சிக்கலிலிருந்தும் வெளியே கொண்டுவந்தது ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணு வகை. உணவிலுள்ள இரும்புக்கு அடையாளம் போட்டுவிட்டால், உடம்பில் ஏற்கெனவே இருக்கும் 3, 4 கிராம் இரும்போடு அது குழம்பாது. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் விப்பிள், ஹான் குழுவினர் கதிரியக்க இரும்பை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் மனிதர்கள். இரும்பு-59-இன் அரை ஆயுள் 44 நாள் சொச்சம், இரும்பு-55-க்கு 2.7 ஆண்டு. இரண்டும் வெவ்வேறு விதமான கதிர்களை உமிழ்வதால், ஒரே ஆளுக்கு ஒரு நாள் ஒரு உணவும் அடுத்த நாள் இன்னொரு உணவும் கொடுத்து இரண்டையும் தனித்தனியே அளக்கலாம். இது சின்ன விஷயம் அல்ல. இரும்பை எடுத்துக்கொள்வதில் ஆளுக்கு ஆள் பத்து மடங்கு வித்தியாசம்கூட உண்டு. ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போது அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது.

அளப்பது எப்படி என்றால், இரண்டு வழி. முழு உடல் எண்ணி என்ற கருவியில், வெளிக்கதிர் புகாத அறைக்குள் ஆளை உட்கார வைத்து, சாப்பிட்டவுடன் ஒருமுறை அளந்து அதை நூறு என்று வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீதி எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று. மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே போன இரும்பில் சுமார் 80 முதல் 90 சதவீதம், இரண்டு வாரத்துக்குள் புதிய சிவப்பணுக்களில் ஏறிவிடும். ஆகவே 14-ஆம் நாள் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். உயரத்தையும் எடையையும் வைத்து மொத்த ரத்த அளவைக் கணித்து, அதில் அடையாளமிட்ட இரும்பு எவ்வளவு என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மலம் சேகரிக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ரத்தம் எடுத்தால் தெரியாது என்றேன். அடையாளம் போட்டுவிட்டால், இரண்டு வாரம் பொறுத்திருந்தால், தெரியும்.

அடையாளத்தை உணவுக்குள் வைப்பது எப்படி என்பது அடுத்த தலைவலி. தொடக்கத்தில் கதிரியக்க இரும்பு கலந்த நீரில் செடியை வளர்த்து, அல்லது கோழிக்கு ஊசி போட்டு அதன் முட்டையை எடுத்து, ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியாகச் செய்தார்கள். செலவும் காலமும் தாங்காது. அதோடு நாம் ஒரு தானியத்தை மட்டும் சாப்பிடுவதில்லை, கூட்டு பொரியலோடு சாப்பிடுகிறோம். 1972-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜேம்ஸ் குக், வெனிசுவேலாவில் மிகுவெல் லைரிஸ், ஸ்வீடனில் லெய்ஃப் ஹால்பெர்க் ஆகியோரின் குழுக்கள் ஒரு வழியைக் காட்டின. சமைத்த உணவின் மேல் மிகச் சிறிதளவு கதிரியக்க இரும்பு உப்பைச் சேர்த்தாலே போதும்; செடிக்குள்ளேயே வளர்ந்த இரும்பு எந்த விகிதத்தில் உட்கிரகிக்கப்படுகிறதோ அதே விகிதத்தில் இதுவும் போகிறது. சாம்பார் கொதித்து முடிந்த பிறகு போட்ட உப்பும் பருப்போடு போட்ட உப்பும் கரைந்தபின் ஒன்றுதானே, அதுபோல இரைப்பைக்குள் எல்லாச் செடியுணவின் இரும்பும் ஒரே குட்டையாகக் கலந்துவிடுகிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பு மட்டும் தனிக் குட்டை. அதற்கு வேறு வழி, வேறு அடையாளம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நம் ரேஷன் கடையோடு அதற்குத் தொடர்பு இருப்பதால் சொல்கிறேன். கரையாத இரும்பு அந்தக் குட்டையில் சேராது. செறிவூட்டப்பட்ட அரிசிக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் ஃபெரிக் பைரோபாஸ்பேட் அப்படிப்பட்டது: அரிசியின் நிறத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கரையாத ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு என்பது தரநிலை. இதன் மேல் கரையும் இரும்பு அடையாளத்தைத் தூவி அளந்தால், தூவிய அடையாளம்தான் உள்ளே போகும். அரிசியிலுள்ளது போகாமலே போனதாகக் கணக்கு வரும். ஆகவே அந்தச் சேர்மத்தையே அடையாளமிட்ட இரும்பில் தயாரித்து, அரிசிக்குள் வைத்து, பிறகுதான் அளக்க வேண்டும். இப்படி அளந்தபோதுதான், சிட்ரேட் சேர்த்தால் இந்தச் சேர்மத்தின் உட்கிரகிப்பு கூடுகிறது என்பதும் தெரிந்தது.

கதிரியக்க முறையின் வரலாற்றில் சொல்லியே ஆக வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. 1946 முதல் 1953 வரை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபெர்னால்ட் பள்ளி என்ற காப்பகத்தில் இருந்த சிறுவர்களுக்குக் கதிரியக்க இரும்பும் கால்சியமும் கலந்த காலை உணவு கொடுத்தார்கள். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நடத்தினார்கள், குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் துணை நின்றது. ஓட்ஸிலுள்ள பைடேட் தாதுக்களைத் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற பேச்சே இல்லை. 1969-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தெற்காசிய வம்சாவளிப் பெண்கள் 21 பேருக்கு இரும்பு-59 சேர்த்த சப்பாத்தி கொடுத்தார்கள். சப்பாத்தி மாவிலிருந்து இரும்பு எவ்வளவு சேர்கிறது என்று அறிவது நோக்கம்; அளப்பதற்கு ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. எதைச் சாப்பிட்டோம் என்பது 1995-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்த பிறகே பரவலாகத் தெரிந்தது. 2023-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் விசாரணை கேட்டார். கதிர்வீச்சின் அளவு சிறியது என்பது இரண்டு விஷயத்திலும் சொல்லப்பட்ட பதில். அளவு சிறியதாக இருந்தால் கேட்காமல் கொடுக்கலாம் என்று எந்த நெறிமுறையும் சொல்லவில்லை.

கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும்தான் இரும்புச்சத்துக் கேள்வி முக்கியம். அவர்களுக்குத்தான் கதிரியக்கம் கொடுக்கக் கூடாது. இன்று நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் கதிரியக்கம் இல்லாத நிலையான ஐசோடோப்புகளில் நடப்பதற்கு அதுதான் காரணம். இயற்கையில் இரும்பில் சுமார் 92 சதவீதம் இரும்பு-56. இரும்பு-57 சுமார் 2.1 சதவீதம், இரும்பு-58 வெறும் 0.28 சதவீதம். இந்த அரிய வகைகளைப் பிரித்தெடுத்து விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்த முறையின் நுட்பம் புரியும். ஒரு பெண்ணுக்கு 4 லிட்டர் ரத்தம், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் 480 கிராம் ஹீமோகுளோபின், அதில் ஏறக்குறைய 1,630 மி.கி. இரும்பு. அதில் இயற்கையாகவே இரும்பு-57 சுமார் 34 மி.கி. இருக்கும். உணவில் 4 மி.கி. இரும்பு-57 சேர்த்துக் கொடுத்து, அதில் 10 சதவீதம் உள்ளே போய், அதில் 80 சதவீதம் சிவப்பணுவில் ஏறினால், கூடுவது 0.32 மி.கி. அதாவது 34 என்பது 34.3 ஆகிறது. நூற்றில் ஒரு பங்கு மாற்றம். அதைத் திட்டமாகச் சொல்லும் திறன், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்கு உண்டு என்பதால்தான் இந்த முறையே சாத்தியமாயிற்று.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனத்தில் 2008-ல் வெளியான ஆய்வு இப்படிச் செய்ததுதான். அரிசிச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேநீர் குடித்தால் இரும்பு உட்கிரகிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வைட்டமின் சி கொடுத்தால் கூடியது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு: அதே சாப்பாட்டிலிருந்து, ரத்தசோகை உள்ள பெண்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இரும்பை எடுத்துக்கொண்டார்கள். கர்நாடகத்தின் பெலகாவியில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இரும்பும் துத்தநாகமும் மிகுந்த கம்பு ரகத்தைக் கொடுத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வும் நிலையான ஐசோடோப்பில்தான். சாதாரணக் கம்பில் நாளுக்கு 0.2 மி.கி. சேர்ந்த இடத்தில் அந்த ரகத்தில் ஏறத்தாழ 0.7 மி.கி. சேர்ந்தது. ஐசோடோப் இல்லாமல் இரண்டு வயதுக் குழந்தையிடம் இதை யாரும் அளந்திருக்க முடியாது.

கால்சியத்துக்குச் சிவப்பணுத் தந்திரம் எடுபடாது. 99 சதவீதம் எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே வேறு தந்திரம், என் கணிப்பில் இந்தத் துறையிலேயே அழகானது. பாலில் கால்சியம்-44 கலந்து குடிக்கக் கொடுக்கிறார்கள். அதே வேளையில் கால்சியம்-42-ஐ நரம்பில் ஊசியாக ஏற்றுகிறார்கள். ஊசியில் போனது முழுக்க ரத்தத்தில் சேர்ந்தது, சந்தேகமில்லை. வாய்வழி போனதில் ஒரு பகுதிதான் சேர்ந்தது. ஒருமுறை ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் எந்த வழியாக வந்தது என்று உடம்பு பார்ப்பதில்லை. எலும்புக்குப் போவதும் சிறுநீரில் போவதும் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான். ஆகவே 24 மணி நேரச் சிறுநீரில், கொடுத்த அளவில் எத்தனை பங்கு வந்தது என்று இரண்டுக்கும் தனித்தனியே பார்த்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், வாய்வழி போனதில் உட்கிரகிக்கப்பட்ட பங்கு கிடைத்துவிடும். எலும்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. 1960களில் கதிரியக்கக் கால்சியத்தில் தொடங்கிய இந்த முறை, இன்று நிலையான ஐசோடோப்பில், பிறந்த குழந்தை வரை செய்யப்படுகிறது. துத்தநாகத்துக்கும் இதே வழிதான், சிறுநீரைச் சில நாள் கழித்து எடுப்பார்கள். மக்னீசியத்துக்கும் செய்யலாம், ஆனால் அதன் அரிய ஐசோடோப்புகளே இயற்கையில் 10, 11 சதவீதம் இருப்பதால் நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலத்திலேயே அளந்தாக வேண்டிய தாதுக்களுக்கு, செம்பு போன்றவற்றுக்கு, டிஸ்புரோசியம் என்ற அரிய உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார்கள். அது குடலில் சிறிதும் உட்கிரகிக்கப்படாது. கொடுத்தது முழுதும் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்து, மலச் சேகரிப்பில் விட்டுப்போனது எவ்வளவு என்று திருத்திக்கொள்ளலாம். அயோடினுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். சாப்பிட்டதில் பெரும்பகுதி உள்ளே போய், சிறுநீரில் வந்துவிடும், சிறுநீரைப் பார்த்தால் போதும்.

கீரைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஹீனி, கானி வீவர் குழு பாலக் கீரையையே கதிரியக்கக் கால்சியம் கலந்த நீரில் வளர்த்து 1988-ல் அளந்து காட்டியது. பாலிலிருந்து 27 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தது. அதே அளவு கால்சியம் உள்ள பாலக்கிலிருந்து 5 சதவீதம்தான். ஆக்ஸலேட் கால்சியத்தைப் பூட்டி வைத்திருந்தது. ஆக்ஸலேட் குறைந்த கேல் கீரையை அடுத்து அளந்தபோது அது பாலையே மிஞ்சியது. 'கீரையில் கால்சியம்' என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கேழ்வரகு 100 கிராமில் 364 மி.கி. கால்சியம் என்று இந்திய உணவுப் பட்டியல் சொல்வது தானியத்தில் இருப்பதை. பைடேட்டும் டானினும் கூடவே இருக்கின்றன. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் பைடேட்டைக் குறைக்கும்.

இனி பாக்கெட்டில் போடும் 'மூன்று மடங்கு'க்கு வருவோம். மனிதரில் அளப்பது எவ்வளவு செலவு என்று பார்த்தீர்கள். அதனால் பெரும்பாலான உணவுகள் ஆய்வகக் குப்பியில்தான் சோதிக்கப்படுகின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி 1958-ல் அங்கே போனது, இதில் முன்னோடி. பி. எஸ். நரசிங்க ராவும் பிரபாவதியும் 1978-ல் வெளியிட்ட முறையில், உணவை பெப்சினும் அமிலமும் சேர்த்து இரைப்பையைப் போல 1.35 பிஎச் அளவில் ஊறவைத்து, பிறகு குடலைப் போல 7.5-க்கு உயர்த்தி, அப்போதும் கரைந்த அயனியாக எவ்வளவு இரும்பு நிற்கிறது என்று பார்த்தார்கள். மனிதரில் அளந்த எண்களோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. 1981-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் மில்லர் குழு, செரித்த கூழை ஒரு சவ்வுப் பைக்கு வெளியே வைத்து, சவ்வின் வழியாக உள்ளே கசிவது எவ்வளவு என்று அளந்தது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) இந்த வகை முறையில் நம் சமையலையே சோதித்தது. வெங்காயமும் பூண்டும் தானியம், பருப்பிலிருந்து இரும்பையும் துத்தநாகத்தையும் கூடுதலாக விடுவிக்கின்றன என்று 2010-ல் சொன்னது. இன்னொரு படி மேலே, மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வளர்த்த கேகோ-2 செல்களை அந்தக் கூழோடு வைத்து, செல்லுக்குள் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் எவ்வளவு உருவாகிறது என்று பார்ப்பது.

இவையெல்லாம் பயனுள்ளவை. ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஊறவைத்த மாவு ஊறவைக்காததைவிட மேலா என்று கேட்டால் நல்ல பதில் சொல்லும். உங்கள் மகளின் குடலில் எத்தனை சதவீதம் சேரும் என்று கேட்டால் சொல்லாது. குப்பிக்கு ரத்தசோகை வராது. அதற்கு ஹெப்சிடின் கிடையாது.

ஹெப்சிடின் என்பது கல்லீரல் சுரக்கும் ஹார்மோன்; உடம்பில் இரும்பு இருப்பு கூடினாலோ கிருமித் தொற்று வந்தாலோ அது கூடும், குடலின் வாயிலை இறுக்கும். ஆகவே உட்கிரகிப்பு என்ற எண் உணவுக்கு மட்டும் சொந்தமல்ல, சாப்பிடுபவருக்கும் சொந்தம். ஆய்வாளர்கள் இதைச் சரிக்கட்ட எல்லோர் முடிவையும் ஒரே ஃபெரிட்டின் அளவுக்குத் திருத்திச் சொல்வார்கள், பல ஆய்வுகளில் லிட்டர் ரத்த நீருக்கு 40 மைக்ரோகிராம். அல்லது 3 மி.கி. இரும்பை வைட்டமின் சி-யோடு வெறும் வயிற்றில் கொடுத்து அதை 40 சதவீதம் என்று வைத்து ஒப்பிடுவார்கள். ஸூரிச் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐசோடோப்பைக் கொண்டே, இரும்பு மாத்திரையைத் தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் விகிதம் சேர்கிறது என்று 2017-ல் காட்டினார்கள்: தினமும் என்றால் 16 சதவீதம், இடைவெளி விட்டால் 22 சதவீதம் அளவில். முதல் நாள் மாத்திரை ஏற்றிய ஹெப்சிடின் மறுநாள் வாயிலை மூடுகிறது. எந்தக் குப்பியும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எலியும் சொல்லாது: எலிக்குக் குடலிலேயே பைடேட்டை உடைக்கும் நொதி இருக்கிறது, வைட்டமின் சி-யையும் தானே செய்துகொள்கிறது. நம் தானியச் சாப்பாட்டின் முக்கியமான இரண்டு விஷயங்களிலும் அது நம்மைப் போல இல்லை.

மனித ஆய்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். ஒரே ஒரு வேளை, இரவெல்லாம் பட்டினி, மறுநாள் காலை ஆய்வு உணவு: இப்படி அளந்தால் தேநீரின் கெடுதலும் எலுமிச்சையின் நன்மையும் பெரிதாகத் தெரியும். குக் குழுவே பல நாள் முழுச் சாப்பாட்டை அளந்தபோது இந்த விளைவுகள் வெகுவாகச் சுருங்கின. நீண்ட காலத்துக்கு அளக்க இப்போது புதிய வழி வந்திருக்கிறது. அடையாள இரும்பை ஒருமுறை கொடுத்து, அது உடம்பின் எல்லா இரும்போடும் கலக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் வரும் சாதாரண இரும்பு அந்த அடையாளத்தை எவ்வளவு வேகமாக நீர்க்கச் செய்கிறது என்று பார்ப்பது. இயல்பான வாழ்க்கையில், யாரும் எடைபோட்டுச் சாப்பிடாமல், உள்ளே வந்த இரும்பும் இழந்த இரும்பும் இரண்டும் தெரிகின்றன. காம்பியாவில் சிறு குழந்தைகளிடம் செய்திருக்கிறார்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், இந்த எண்களின் மேல்தான் நாட்டின் பரிந்துரை நிற்கிறது. இந்தியப் பெண்ணுக்கு நாளுக்கு 29 மி.கி. இரும்பு என்று 2020 பரிந்துரை சொல்வது, உணவிலிருந்து 8 சதவீதம் சேரும் என்று வைத்துக்கொண்டு. 5 சதவீதம்தான் என்று வைத்திருந்தால் அதே தேவைக்கு 46 மி.கி. கேட்க வேண்டியிருக்கும், நம் சாப்பாட்டில் அது நடக்காத காரியம்.

பாக்கெட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மனிதரில் அளந்ததா குப்பியில் அளந்ததா, எதைவிட மூன்று மடங்கு, ஒரு வேளையா பல நாளா. 1 சதவீதம் 3 சதவீதமானாலும் மூன்று மடங்குதான்.

வீட்டில் ஒருவருக்கு இரும்பு சேர்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஐசோடோப் பரிசோதனை எந்த லேபிலும் கிடைக்காது, தேவையும் இல்லை. ரத்தசோகை இருந்தால் மருத்துவர் மாத்திரை கொடுத்து, நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பார்ப்பார். 1 கிராமாவது ஏறியிருந்தால் குடல் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால், ரத்தப்போக்கு எங்காவது இருக்கிறதா, சிலியாக் நோய், வயிற்றுக் கிருமி, நாட்பட்ட அழற்சி ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை டீயோடு மட்டும் போட வேண்டாம்.